கை படாத கம்பி

“டீச்சர், இந்த இரைச்சலை எப்படியாவது நிறுத்தித் தரணும்” என்றார் ஆம்புரோஸ்.

“எது இரையுது?” என்றாள் செலஸ்டின் டீச்சர்.

“அண்ணனோட கிட்டார்.”

“கையை வைங்க. நின்னுரும்.”

“வச்சுப் பாத்துட்டேன். நிக்கல.”

டீச்சர் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அப்ப நீங்க கையை வைக்கல.”

ஆம்புரோஸுக்குச் சுருக்கென்றது. அறுபதைத் தாண்டிய மனிதர். கப்பலில் ஏறி உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தவர். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் என்ன செய்ய, புன்னைத்துறையில் கிட்டார் சங்கதி என்றால் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

செலஸ்டின் டீச்சர் கோயில் பாடகர் குழுவிலும் கச்சேரிக் குழுவிலும் கிட்டார் வாசித்தவள். இப்போது வீட்டு முன்னறையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்பது போல ஒரு குணம் அவளுக்கு. ஊரில் பாதிப் பேர் அதனாலேயே அவள் வாசல் பக்கம் வருவதில்லை.

“பெட்டியைத் திறங்க அங்கிள்” என்றாள்.

ஆம்புரோஸ் உடனே திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறைகளை எடுத்தார். உதறி, ஒவ்வொரு விரலாக நுழைத்து மாட்டிக்கொண்டார். டீச்சர் இறாலை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி திறந்தது. மேலே ஒரு வெல்வெட் துணி. அதற்கு அடியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். அதற்கும் அடியில் ஒரு பனியன் துணி. கடைசியில், கிட்டார்.

டீச்சர் எழுந்துவிட்டாள்.

நல்ல கருஞ்சிவப்பு. தந்த நிறத் தகடு. இரும்பெல்லாம் கண்ணாடி போல மின்னியது. ஒரு கீறல் கிடையாது, ஒரு துருப்புள்ளி கிடையாது. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் அது. இன்று காலையில் கடையிலிருந்து வந்தது போலக் கிடந்தது.

புன்னைத்துறையில் இது நடக்கிற காரியமே இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். அங்கே ஜன்னல் கம்பி நிற்காது, சைக்கிள் நிற்காது, பூட்டுச் சாவி நிற்காது. டீச்சரின் மாணவர்கள் புதுக் கம்பி மாட்டிய மறு வாரமே செம்பழுப்பு விரலோடு வருவார்கள். உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. இந்த ஒன்றைத்தான் விட்டுவைத்திருந்தது.

“செவரின் அங்கிள் கிட்டாரா?” என்றாள்.

“ஆமா.”

ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் செவரினைத் தெரியும். வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவனிடமிருந்து அந்த கிட்டாரை வாங்கி, திருவிழா மேடை, கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு என்று தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவருடைய தம்பிதான் ஆம்புரோஸ். செவரின் இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன.

“வாசிங்க” என்றாள் டீச்சர்.

அவளுடைய பழைய ஆம்ப்ளிபயரில் ஒயரைச் சொருகினாள். சொருகியதும் ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. தகர டப்பாவுக்குள் வண்டு அடைபட்ட மாதிரி, உம்ம்ம் என்று விடாமல் ஓர் இரைச்சல்.

ஆம்புரோஸ் கையுறையைக் கழற்றிக் கம்பிகள்மேல் கையை வைத்தார். உம்ம்ம்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். உம்ம்ம்.

“பாத்தீங்களா?” என்றார். நியாயம் கிடைத்துவிட்டது போல ஒரு குரல்.

டீச்சர் மூலையில் கிடந்த தன் கிட்டாரை எடுத்தாள். மாணவர்கள் அடித்து நொறுக்கிய கிட்டார், உடம்பெல்லாம் சிராய்ப்பு. ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினாள். அதுவும் இரைந்தது. கையை வைத்தாள். அடங்கியது. எடுத்தாள், இரைந்தது. வைத்தாள், அடங்கியது.

அவரையே பார்த்துக்கொண்டு நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். பிறகு ஒயரை மறுபடி சிவப்புக் கிட்டாரில் சொருகி, இறால் உரித்த கையை அப்படியே அதன் கம்பிகள்மேல் பதித்தாள்.

ஆம்புரோஸ் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உப்புக் கை டீச்சர். எடுங்க, எடுங்க.”

அவள் எடுக்கவில்லை. இரைச்சலும் நிற்கவில்லை. விரலால் கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

“வழுக்குது. இதுல என்ன பூசியிருக்கீங்க?”

“வார்னிஷ். கப்பல்ல அடிக்கிற வார்னிஷ்.” அந்தப் பதற்றத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “கம்பி, கம்பி ஏறி உக்காருற இரும்பு, திருகாணி, ஒண்ணு விடல. அதான் இன்னைக்கும் இப்படி இருக்கு.”

“கம்பியை எப்ப மாத்தினீங்க?”

“மாத்தலையே. அண்ணன் போட்ட கம்பி அது.”

“மாத்துங்க.”

ஆம்புரோஸ் பெட்டியைப் படக்கென்று மூடினார். மூடிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அண்ணன் செத்தப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். கப்பலை நிறுத்தவா முடியும்? நான் வந்து சேரும்போது கல்லறையில சிமெண்டு காஞ்சுபோச்சு. பெட்டியை மூடுததுக்கு முன்னாடி ஊரே வரிசையா வந்து அண்ணன் நெத்தியில உதடு வச்சு முத்தி செஞ்சிருக்கு. கூடப் பிறந்தவன் நான் செய்யல. அந்தக் குடுப்பினை எனக்கு இல்ல.”

அவர் பெட்டியைத் தடவினார்.

“வீட்ல இது கிடந்துச்சு. சாகுததுக்கு மொத நாள்கூட வாசிச்சாராம். கம்பியில அவர் வேர்வை அப்படியே இருந்துச்சு டீச்சர். எனக்குக் கப்பல்ல வேலையே துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கதுதான். விட்டா ஒரு வாரத்துல அந்த வேர்வையே கம்பியைத் தின்னுரும்னு எனக்குத் தெரியும். அதான் அதை உள்ள வச்சு மேல பூசிட்டேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“இப்ப எதுக்குத் திடீர்னு வாசிக்கணும்?” என்று கேட்டாள்.

“திங்கட்கிழமை பிளாவியாவுக்குக் கல்யாணம்.”

பிளாவியா செவரினின் ஒரே மகள். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் நியூசிலாந்துக்குப் போகிறாள். ஒரு வாரத்துக்கு முன்னால் சித்தப்பாவிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். கோயிலை விட்டு வெளியே வரும்போது வாசலில் அப்பா கிட்டார் சத்தம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

“அவ அப்பன் சாகும்போது பக்கத்துல இல்லாத சித்தப்பன் நான். அதுக்கப்புறமும் கப்பல், கப்பல்னு போயிட்டேன். பிள்ளை என்கிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்ல டீச்சர். இதுதான் கேட்டிருக்கு. வாசிக்கதுக்கு அண்ணன் சொல்லித்தந்த மெட்டு ஒண்ணு எனக்குத் தெரியும். ஆனா இந்தச் சனியன் பிடிச்ச இரைச்சலோட நான் எப்படி அத்தனை பேர் முன்னால வாசிக்க?”

“அதுக்குத்தான் சொன்னேனே.”

“கம்பியைத் தொட மாட்டேன்” என்றார் ஆம்புரோஸ். “நாளைக்கு டவுன்ல இருந்து பொன்ராஜ் வாரான். உள்ள இருக்கிற, சத்தம் பிடிக்கிற காந்தக் கட்டையை எடுத்துட்டு இரையாத கட்டை ஒண்ணு வச்சுத் தாரேன்னு சொல்லியிருக்கான். உங்களால முடியாதுன்னா அவன் செய்யட்டும்.”

டீச்சர் பெட்டிமேல் கிடந்த அவருடைய கையுறை ஒன்றை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

“கை குடுங்க அங்கிள்.”

ஆம்புரோஸ் ஒன்றும் புரியாமல் கையை நீட்டினார். அவள் பிடித்தாள்.

“என் கை சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?”

“கையுறை போட்டுட்டுக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

“சரி. போயிட்டு வாங்க.”

அவள் இறாலிடம் திரும்பிவிட்டாள். ஆம்புரோஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவளிடம் வந்ததே பிசகு என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு போனார். கையுறை ஒன்று அவளிடமே தங்கிவிட்டது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அவரிடம் இன்னொரு ஜோடி இருந்தது.

*

மறுநாள் மத்தியானம் பொன்ராஜ் வந்தான்.

ரேடியோ, மைக், ஆம்ப்ளிபயர் எல்லாம் பார்க்கிறவன். கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. வந்ததும் சாலிடரிங் கோலைச் சொருகிச் சூடேறப் போட்டான். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சார், உள்ள இருக்கிறது இந்தக் காலத்துல கிடைக்காத சாமான். எடுத்தா எடுத்ததுதான். அந்தக் காலத்து ஒயரு, தொட்டாலே பிஞ்சுரும். திரும்பப் பொருத்த முடியாது. யோசிச்சிட்டீங்களா?”

“இரைச்சல் போகுமா, போகாதா?”

“புதுசு வச்சா போயிரும். ஆளு பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஒரு பொட்டுச் சத்தம் வராது. செத்த மாதிரி கிடக்கும்.”

அந்தச் சொல் ஆம்புரோஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

பொன்ராஜ் தான் கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிபயரில் கிட்டாரைப் பொருத்தி, பிரிக்கும் முன்பு ஒரு தடவை போட்டுப் பார்த்தான். உம்ம்ம் என்று வீடு முழுக்க நிறைந்தது.

அந்த நேரம் பார்த்து பிளாவியா வந்தாள். கையில் முறுக்கு டப்பா. கல்யாண வீட்டுப் பலகாரத்தைச் சித்தப்பாவுக்குக் கொடுக்க வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்படியே நின்றாள். பிறகு டப்பாவை அங்கேயே தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்து, கிட்டாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன பிளாவி, தரையில உக்காந்துட்ட? நாற்காலி இருக்கு பாரு.”

“சும்மா இருங்க சித்தப்பா.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குக் கட்டுப்பட்டவர் போல ஆம்புரோஸ் கையைக் கம்பிகள்மேல் வைத்தார்.

உம்ம்ம்.

பிளாவியா காத்திருந்தாள். அவர் அழுத்திப் பிடித்தார். இன்னும் அழுத்தினார். இரைச்சல் அது பாட்டுக்கு இரைந்தது.

“நிக்கல” என்றாள்.

“அதை நிறுத்தத்தானே பொன்ராஜ் வந்திருக்கான்.”

“அப்படி இல்ல சித்தப்பா. அப்பா கையை வச்சா நின்னுரும்.”

அவள் தரையை விரலால் கீறினாள்.

“அப்பா என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நான் அப்ப சின்னப்பிள்ள. இந்த இரைச்சல் கேட்டா தெருவுல எங்க விளையாடிட்டு இருந்தாலும் ஓடி வந்து இப்படி முன்னால உக்காந்துருவேன். அப்பா என்னையப் பாத்துக்கிட்டே கையை வைப்பாங்க. டக்குன்னு அடங்கும். அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.”

ஆம்புரோஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

பிளாவியா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

“பரவால்ல சித்தப்பா. நீங்க வாசிக்கீங்களே, அதுவே போதும். முறுக்கை எடுத்து வைங்க, நமுத்துரும்.”

போய்விட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் ‘பரவால்ல’தான் அவரைக் குத்தியது.

பொன்ராஜ் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தட்டில் போட்டான். தகட்டைத் தூக்கினான். உள்ளே சிலந்தி இழை போல ஒயர்கள். சாலிடரிங் கோல் சூடேறிவிட்டது, அதன் நுனியிலிருந்து மெழுகு வாடை வந்தது.

“ஆரம்பிக்கட்டா சார்?”

ஆம்புரோஸ் வாசலில் கிடந்த முறுக்கு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்ராஜ் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு குனிந்தான். சூடான நுனி ஒயருக்குப் பக்கத்தில் போனது.

“எடுப்பா.”

“எதை சார்? கட்டையையா?”

“உன் கையை எடு. மூடிரு.”

பொன்ராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தகட்டைத் திருப்பி மாட்டினான். போகும்போது ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆம்புரோஸ் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

“டீச்சர், என் கையில என்ன குத்தம்?”

“கையில ஒரு குத்தமும் இல்ல. உள்ள வாங்க.”

அவர் பெட்டியைத் திறந்தார். பிளாவியா வந்ததையும் உட்கார்ந்ததையும் சொன்னதையும் ஒப்பித்தார். டீச்சர் கேட்டுக்கொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணப் பூசை” என்றார் ஆம்புரோஸ். “நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க.”

“கப்பல்ல என்ன வேலைன்னு சொன்னீங்க?”

“துரு சுரண்டுற வேலை.”

டீச்சர் ஒரு பிளேடை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப சுரண்டுங்க.”

ஆம்புரோஸ் பிளேடைத் தொடவில்லை.

“அண்ணன் வேர்வை போயிரும் டீச்சர்.”

“அது எங்க இருக்கு?”

“வார்னிஷுக்கு அடியில.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். டீச்சர் காத்திருந்தாள். இப்படிக் காத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசியில் ஆம்புரோஸ் பிளேடை எடுத்தார். வாழ்நாள் முழுக்க இரும்பைச் சுரண்டியவருக்கு ஒரு கம்பியைச் சுரண்ட வரவில்லை. தடித்த கம்பியில், ஒரு விரல் வைக்கிற அகலத்துக்கு, மெல்ல மெல்லச் சுரண்டினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. அதற்கு அடியில் பளபளப்பு ஒன்றும் இல்லை. கம்பி எப்போதோ துருப்பிடித்துக் கிடந்தது. துருவுக்கு மேல்தான் இத்தனை வருஷமும் வார்னிஷ் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது.

டீச்சர் ஆம்ப்ளிபயரைப் போட்டாள். உம்ம்ம்.

“வைங்க.”

ஆம்புரோஸுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. நிற்காவிட்டால் என்ன செய்வது என்று பயம். நின்றுவிட்டால் என்ன ஆவேனோ என்று அதைவிடப் பயம். ஆட்காட்டி விரலை அந்தச் சுரண்டிய இடத்தில் வைத்தார்.

இரைச்சல் நின்றது.

அறைக்குள் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் கடல் மட்டும் கேட்டது.

ஆம்புரோஸ் விரலை எடுக்கவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. நடுக்கடலில் தந்தி வந்த அன்று மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அடக்கியது, ஊர் வந்து காய்ந்த சிமெண்டின் முன்னால் நின்றபோது வராதது, எல்லாம் இப்போது வந்தது. சத்தமாகவே அழுதார்.

டீச்சர் எழுந்து, “சோறு குழைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் சோறு எதுவும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோதும் அவர் அப்படியேதான் இருந்தார். பிறகு மெதுவாக விரலை எடுத்தார். நுனியில் செம்பழுப்பாகத் துரு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். கோயிலில் சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்வது போல, அந்த விரலை உதட்டில் வைத்து எடுத்தார்.

“இந்தக் கம்பியையே எல்லாம் சுரண்டிட்டு வாசிக்கலாம்லா டீச்சர்?”

“முறுக்கிப் பாருங்க.”

அவர் சுருதி சேர்க்க முறுக்கினார். கொஞ்சம்தான் முறுக்கியிருப்பார். டங் என்று கம்பி அறுந்து அவர் புறங்கையில் ஒரு கோடு போட்டது. ரத்தம் துளிர்த்தது.

ஆம்புரோஸ் அறுந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெட்டியை மூடிவிடுவார் என்று டீச்சர்கூட நினைத்தாள்.

“புதுக் கம்பி வச்சிருக்கீங்களா?” என்றார்.

டீச்சர் சுவரில் ஆணியைக் காட்டினாள். அதில் ஒரு செட் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றக் கம்பிகளை அவரே கழற்றினார். கம்பி ஏறி உட்காருகிற இரும்பைச் சாயங்காலம் வரைக்கும் சுரண்டினார். இந்தத் தடவை சுரண்ட வந்தது. கழற்றிய பழைய கம்பிகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நேர் வழியை விட்டுக் கல்லறைத் தோட்டம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீடு சேர்ந்தபோது பையில் கம்பி இல்லை.

*

திங்கட்கிழமை கோயில் வாசலில் நிற்க இடமில்லை.

படிக்குப் பக்கத்தில் ஆம்புரோஸுக்கு ஒரு நாற்காலி. அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று கோட்டும் சூட்டும் போட்டுத் மிடுக்காக வந்திருந்தார். பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்குப் பின்னால் பொன்ராஜ், பக்கத்தில் செலஸ்டின் டீச்சர்.

“நிக்குமா டீச்சர்?” என்று ஆம்புரோஸ் அங்கிருந்தே கேட்டார்.

“கையை வைங்க” என்றாள் அவள்.

கோயில் மணி அடித்தது. கதவு திறந்தது. பிளாவியா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். பொன்ராஜ் சுவிட்சைப் போட்டான்.

உம்ம்ம்.

டீச்சர் வீட்டில் கேட்டதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பெரிய ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து உறுமின. குழந்தைகள் காதைப் பொத்தின. யாரோ, “மைக்கை ஆஃப் பண்ணுங்கப்பா” என்றார்கள். படியில் நின்ற பங்குச் சாமியார் முகத்தைச் சுளித்தார்.

பிளாவியா நின்ற இடத்திலேயே நின்றாள். கண் சித்தப்பாவின் கைக்குப் போனது.

ஆம்புரோஸ் கையை வைத்தார்.

உம்ம்ம்.

அழுத்திப் பிடித்தார். நேற்றுச் சாயங்காலம் வரை சுரண்டியது என்ன ஆயிற்று? ராத்திரியோடு உப்புக்காற்று ஏதாவது செய்துவிட்டதா? பொன்ராஜ் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். கூட்டத்தில் இரண்டு பேர் சிரிக்கவே தொடங்கிவிட்டார்கள். பிளாவியாவின் கண்ணில் அந்தப் ‘பரவால்ல’ மெல்ல வந்துகொண்டிருந்தது.

ஆம்புரோஸ் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் பொன்ராஜின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

வெள்ளைக் கையுறை. காலையில் பெட்டியைத் திறக்கும்போது வழக்கம் போல மாட்டியது. கழற்ற மறந்தே போயிருந்தார்.

வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். இடது கையுறையை உருவி எறிந்தார், அது யார் காலடியிலோ போய் விழுந்தது. கை முழுக்க வேர்வை. கோட்டில் துடைக்கப் போனவர், துடைக்காமல் நிறுத்தினார். தலையை நிமிர்த்திப் பிளாவியாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஈரக் கையைக் கம்பிகள்மேல் வைத்தார்.

அடங்கியது.

கூட்டமும் பேச்சை நிறுத்தியது. காதைப் பொத்திய குழந்தைகள் கையை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தன.

பிளாவியா பட்டுச் சேலையையும் பார்க்கவில்லை, படியில் கிடந்த மணலையும் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து அவள் காதில் கேட்டான்.

“என்னாச்சு? அவங்க ஏன் இன்னும் ஆரம்பிக்கல?”

பிளாவியா சித்தப்பாவின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சும்மா இருங்க” என்றாள். “ஆரம்பிச்சாச்சு.”